ஐப்பசிக் கூட்டாஞ்சோறு: ஆச்சி பதில்கள்

இந்த மாசம் வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் பாத்தா ஊரே கூடி சமைக்கக் கெளம்பிருச்சு போல. ஐப்பசி பொறந்து நாலு மழை பேஞ்சாப் போதும், நம்ம செட்டிநாட்டு ஊர்க்காரங்களுக்கு வெளியூர்ல இருப்புக் கொள்ளாது, லீவப் போட்டுட்டு வந்துருவாங்க, வந்தா சும்மாவா இருப்பாங்க. அதனால இந்தத் தடவ அடுப்படிக் கேள்வி மட்டும் எடுத்துக்கிட்டேன், மாமியார் மருமக பஞ்சாயத்தெல்லாம் அடுத்த இதழ்ல.

ஆச்சி, காலேஜ்ல ஒண்ணாப் படிச்ச எட்டு பேரு தீபாவளி லீவுல கானாடுகாத்தான்ல ஒரு பிரெண்டோட பழைய வீட்ல கூடுறோம். ஹோட்டல் வேணாம், நாங்களே சமைக்கிறோம்னு முடிவு பண்ணியாச்சு. இன்னொருத்தனுக்கு புதுவயல் பக்கம் தோட்டம் இருக்கு, காயெல்லாம் அங்கருந்து வருது. ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு மெனு போட்டுக் குடுங்க. சிக்கன் செட்டிநாடு கண்டிப்பா வேணும்ங்கறானுங்க.
*வாசகர், சென்னை*

அப்பு, மெனு எழுதுற பேப்பர மொதல்ல தூர வைங்க. தோட்டத்துல என்ன இருக்குன்னு பாக்காம எட்டு பேரும் குரூப்ல உக்காந்து மெனு போட்டா அதுல காலிபிளவர் இருக்கும், பன்னீர் இருக்கும், குடமொளகா இருக்கும், அங்க தோட்டத்துல பீர்க்கங்கா தொங்கிட்டு இருக்கும், கடைசில நீங்க காரைக்குடிக்குப் போயி ஊட்டிக் காய் வாங்கிட்டு வருவீங்க, பறிச்சுட்டு வந்த காய் சாக்கோட மூலைல கெடக்கும். காய் வந்து எறங்கட்டும், அதப் பாத்துட்டு மெனு பேசுங்க.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றது சும்மா இல்ல, ஆடில போட்ட வெண்டை, கத்திரி, பீர்க்கு, புடலை, பறங்கி எல்லாம் ஐப்பசிக்கு நல்ல காய்ப்புல இருக்கும், நெலக்கடலையும் இப்பத்தான் புடுங்குவாங்க. அதுவே முருங்கைக்கு மழைல பூ உதிந்துரும், காய் கம்மியாகி வெல எகிறும், தக்காளி வெடிச்சு தண்ணி கோத்துக்கும். அவரையும் மொச்சையும் பனி விழுந்தாத்தான் ருசி, அது மார்கழி தைக்கு. அதனால தோட்டக்காரத் தம்பிக்கு முந்தின நாள் போன் போட்டு என்ன நிக்குதுன்னு மட்டும் கேட்டுக்கங்க, இது வேணும் அது வேணும்னு லிஸ்ட் குடுக்காதீங்க.

நான் நெனைக்கிற காய் வந்தா நான் என்ன பண்ணுவேன்னு சொல்றேன். வந்து எறங்குனதும் கொறிக்க, பச்சக்கடலைய தொலியோட உப்பு போட்டு அவிச்சு நடுவுல வச்சிருவேன், பசியில அடுப்பச் சுத்தி வந்து "ஆச்சா ஆச்சா"ன்னு கேக்க மாட்டாங்க பாருங்க. நம்ம பக்கம் ராத்திரிக்குப் பலகாரந்தான, அதனால இடியாப்பம். அதுக்குத் தொட்டுக்க கத்திரிக்கா கோசமல்லி: கத்திரிக்காயையும் உருளைக்கெழங்கையும் அவிச்சு கையால மசிச்சு, புளியக் கரைச்சு ஊத்தி, சின்ன வெங்காயம் பச்சமொளகா தாளிச்சுக் கொட்டி ஒரு கொதி, தேங்கா அரைக்க வேணாம், மசாலாவும் வேணாம். மழைக்குக் கத்திரில புழு இருக்கும், ஓட்ட விழுந்ததக் கழிச்சிருங்க. கொஞ்சமா சோறு, அதுக்கு அரிசி கழுவுன தண்ணில புளி கரைச்சு வைக்கிற வெண்டைக்கா மண்டி, பறங்கிக்கா புளிக்கறி. வாழைப்பூ வந்தா வடை. இதுக்கு மேல போகாதீங்க, எட்டு பேரு இருக்கோம்னு எட்டு ஐட்டம் போட்டா அடுப்பு பத்தாது, பத்து மணிக்குத்தான் எல விழும்.

இனி சிக்கனுக்கு வரேன். கோழி வேணும்னா தாராளமாப் பண்ணுங்க, ஆனா அந்த ஹோட்டல் போர்டு சிக்கன் செட்டிநாடு எதுக்கு? கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாத்தையும் வறுத்து அரைச்சு கையில கெடச்ச எல்லாத்து மேலயும் ஊத்துறதுதான் நம்ம சமையல்னு வெளியூர்ல நம்பிக்கிட்டு இருக்காங்க. நம்ம வீட்ல பாதி நாளு துவட்டலும் (பொரியலத்தான் அப்படிச் சொல்லுவோம்) மண்டியும் பருப்புந்தான, மசாலா கறிக்கும் மீனுக்கும், அதுவும் அளவாத்தான். காலைல பறிச்ச காய்ல கொண்டுபோயி அம்புட்டு மசாலாவக் கொட்டுனா அது நேத்திக்குக் காயா போன வாரத்துக் காயான்னு நாக்குக்கு எப்படித் தெரியும், அப்புறம் தோட்டம் எதுக்கு, தம்பி எதுக்கு! கோழிய உப்புக்கறியா பண்ணுங்க. எட்டு பேருக்கு நாட்டுக்கோழி 2 கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, உரிச்ச பூண்டு ரெண்டு கைப்பிடி, குண்டு மொளகா கிள்ளிப்போட்டது, மஞ்சப்பொடி, உப்பு, நல்லெண்ணெய், இவ்வளவுதான் சாமான். வெங்காயம் வெந்து கறியோட ஒட்டிக்கணும், அந்தப் பக்குவத்துல எறக்குங்க. இந்தக் குண்டு மொளகா வகைதான, பக்கத்து ஜில்லாவோட ராமநாதபுரம் முண்டு மொளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க, அத விட்டுட்டு கலர்ப்பொடிக்கு ஏன் போறீங்க.

எனக்கு மண்டி மட்டும் வரவே மாட்டேங்குது ஆச்சி, வெண்டைக்கா கொழகொழன்னு கஞ்சி மாதிரி ஆயிருது. இந்த வாரம் பிரெண்ட்ஸ் எல்லாம் வர்றாங்க, மானத்தக் காப்பாத்துங்க.
*வாசகி, தேவகோட்டை*

மானம் வெண்டைக்காயோட ஈரத்துல இருக்கு ஆத்தா. அரைக் கிலோ வெண்டைக்கான்னு வச்சுக்கங்க, கழுவி துணில ஒவ்வொண்ணாத் தொடச்சு, விசிறிக்கு அடில பரப்பி நல்லாக் காஞ்சதுக்கு அப்புறந்தான் கத்தி வைக்கணும், வெட்டுனதுக்கு அப்புறம் தண்ணி பட்டா போச்சு. விரல் நீளத்துக்கு நறுக்கி, நல்லெண்ணெய்ல மூடி போடாம வதக்குங்க, மூடி போட்டா ஆவி எறங்கி வழவழன்னு ஆயிரும். நூல் நூலா இழுக்கறது நின்னு ஓரம் லேசா செவந்ததும் தனியா எடுத்து வச்சிருங்க.

அரிசி கழுவுன மொதத் தண்ணிய செடிக்கு ஊத்திருங்க, ரெண்டாந் தண்ணிதான் மண்டிக்கு. அரிசிய நல்லாக் கையால பெசைஞ்சு அலசி, பால் மாதிரி வெள்ளையா ரெண்டு டம்ளர் எடுத்து, அதுலயே எலுமிச்சம்பழ அளவு புளிய ஊறப்போட்டுக் கரைச்சுக்கங்க. அதே சட்டில இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்தி கடுகு, உளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம், பெருங்காயம். சின்ன வெங்காயத்த நறுக்காம முழுசா ஒரு கைப்பிடி, பூண்டும் முழுப்பல்லாவே ஒரு கைப்பிடி, கீறுன பச்சமொளகா ஏழெட்டு, ஒரு தக்காளி. பூண்டு வதங்கி நசுக்குனா நசுங்கற பதத்துக்கு வந்ததும் கரைச்ச தண்ணிய ஊத்தி, உப்பு போட்டு, புளி வாசம் போறவரைக்கும் கொதிக்க விட்டு, அதுக்கப்புறந்தான் வெண்டைக்கா. ஊறவச்சு அவிச்ச காஞ்ச மொச்சையோ பலாக்கொட்டையோ இருந்தா சேத்துக்கங்க, மாவத்தல் இருந்தா கேக்கவே வேணாம். கொழம்பும் இல்ல கூட்டும் இல்ல, வத்தி காய் மேல பூசுனாப்ல நிக்கணும். சாயங்காலம் வைக்கப் போறீங்கன்னா காலைலயே வச்சிருங்க, ஊற ஊற ருசி.

எல்லாமே அன்னிக்குப் பறிச்சதாத்தான் இருக்கணும், பழசு எதுவும் ஒண்ணு கூட வரக்கூடாதுன்னு எங்க குரூப்ல ஒரு அக்கா பிடிவாதமா நிக்கிறாங்க. சரிதானா?
*வாசகி, கோட்டையூர்*

கீரை, வெண்டை, பீர்க்கு, பச்சமொளகா, கொத்தமல்லிக்கு அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா அரிசி? நம்ம பக்கம் மானாவாரியும் கண்மாய்ப் பாசனமுமா இருக்கற ஊரு, மழைய நம்பி இப்பத்தான் நெல்லு பயிராகி நிக்கும், அறுப்பு தைக்குத்தான், ஐப்பசில புது அரிசிக்கு எங்க போவாங்க. கெடச்சாலும் புது அரிசி கொழஞ்சுரும், விருந்துக்குப் பழைய அரிசிதான் உதிரியா நிக்கும். கருணைக்கெழங்கு தோண்டுன அன்னிக்கே சமைச்சா தொண்டை அரிச்சு எல்லாரும் ராத்திரி பூரா இருமிக்கிட்டு கெடப்பாங்க, அது வாங்கிப்போட்டு நாளாக நாளாகத்தான் நல்லாருக்கும், புளி சேத்து அவிக்கணும். புளியும் மாசி பங்குனில உலுப்புனதுதான், இப்ப வரைக்கும் பானைல கெடந்து கருத்துப்போன புளிக்கு இருக்கற கொணம் வேற. சின்ன வெங்காயமும் ஈரமா இருந்தா உரிக்கவும் கஷ்டம், வதக்குனா தண்ணி விடும், காய வச்சதுதான் வேணும். வத்தல், வடகம், ஊறுகாய்னு மூணு வேளையும் பழசத் தின்னு வளந்த ஊரு இது, அக்காகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லுங்க.

கீரைக்கு ஒண்ணு. மழைக்காலத்துல மண்ணும் பூச்சியும் தண்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும், ஆய்ஞ்சு உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணில கொஞ்ச நேரம் போட்டு வச்சு, கீரையத்தான் மேலால அள்ளி எடுக்கணும், தண்ணிய வடிக்கக்கூடாது. வடிச்சா அடில தங்குன மண்ணு திரும்பக் கீரை மேலயே ஏறி உக்காந்துக்கும்.

பத்து பேரு கூடுவோம், மூணு பேருதான் வேலை செய்வோம். ஆம்பளைங்க வாசப்பக்கம் முகப்புல உக்காந்து அரசியல் பேசுவாங்க, ரெண்டு பேரு ரீல்ஸ் எடுப்பாங்க, சாப்பிட மட்டும் கரெக்டா வந்துருவாங்க. சண்டை போடாம வழி சொல்லுங்க ஆச்சி.
*வாசகி, காரைக்குடி*

ஆளுக்கொரு ஐட்டம்னு பிரிச்சிருப்பீங்க, அங்கதான் கோளாறு. அப்படிப் பிரிச்சா சமைக்கத் தெரிஞ்ச மூணு பேருகிட்ட எல்லா ஐட்டமும் வந்து சேரும், மத்தவங்க "எனக்கு அது வராது"ன்னு நழுவிருவாங்க. வேலையப் பிரிங்க. உரிக்கிறது ஒரு கூட்டம், நறுக்குறது ஒரு கூட்டம், அரைக்கிறது தேங்கா துருவறது ஒரு ஆளு, அடுப்புல நிக்கிறது ரெண்டே பேரு. உரிக்க வராதுன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல. முகப்பு அரசியலுக்கு வாழைப்பூவக் கொண்டுபோயி வைங்க, ஒவ்வொரு பூவுலயும் நடுநரம்பும் கண்ணாடி மாதிரி இருக்கற செதிலும் எடுக்கணும், எடுத்ததும் மோர்த்தண்ணில போடணும், இல்லாட்டி கருத்துரும், ரெண்டு பூ முடியறதுக்குள்ள ஒரு மந்திரி சபையவே மாத்தி அமைச்சிருவாங்க. அவங்க பேச்சும் கெடாது உங்க வேலையும் நடக்கும். இடியாப்பம் பிழியறது நல்ல கை வலு கேக்குற வேலை, அது யாருக்குன்னு நான் சொல்ல வேணாம். ரீல்ஸ் எடுக்கற பிள்ளைங்களுக்குப் பாத்திரம்.

உப்பு மட்டும் ஒரே ஆளு போடணும். போறவங்க வர்றவங்க எல்லாம் "கொஞ்சம் கம்மியா இருக்குல்ல"ன்னு ஒரு சிட்டிகை போட்டுட்டுப் போனா என்ன ஆகும்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

காய் கொண்டு வர்ற பிரெண்டு காசு வேண்டாம்ங்கறா. மத்த செலவ பிரிச்சுக்கறோம், அவளுக்கு எப்படிக் குடுக்கறது?
*வாசகி, பள்ளத்தூர்*

குடுத்தே ஆகணும். அவ வேணாம்னு சொல்லுவா, அவங்க வீட்ல ஆடில இருந்து தண்ணி பாய்ச்சி, களை எடுத்து, மயில் வந்து கொத்தாம காவல் இருந்தவங்க சொன்னாங்களா? இடைல ஆளில்லாம வெளையவச்சவங்களே நேரா விக்கணும்னுதான் 1999ல மதுரைல மொத உழவர் சந்தையத் தொறந்தாங்க, நம்ம காரைக்குடிலயும் ஒண்ணு இருக்கு, அங்க அன்னன்னிக்கு வெலை எழுதிப் போட்டிருப்பாங்க. அந்த வெலையப் பாத்து கணக்குப் போட்டு, மொத்தச் செலவுல சேத்து எல்லாருக்கும் பிரிச்சு, அவ பங்கு போக மீதிய அவங்க அப்பா கைல குடுத்துருங்க, அவகிட்டக் குடுத்தா வாங்க மாட்டா. அன்னிக்கு ராத்திரி ஒரு தூக்குல கோசமல்லியும் இடியாப்பமும் அவங்க வீட்டுக்குப் போகணும், அது தனி.

நாங்க நியூஜெர்சில இருக்கோம். இங்க அக்டோபர்னா எலையெல்லாம் செவந்து கொட்டுற நேரம், பார்ம்ல போயி நாமளே பறிச்சுக்கலாம், பூசணி மல மாதிரி குவிஞ்சு கெடக்கு. நம்ம ஊர் ஆளுங்க நாலு குடும்பம், இந்த ஊர் பிரெண்ட்ஸ் ரெண்டு குடும்பம் சேந்து ராத்திரி விருந்து வைக்கிறோம். அங்க கெடைக்கிறத வச்சு நம்ம சமையல் முடியுமா?
*வாசகி, நியூஜெர்சி*

நல்லாவே முடியும், எங்களுக்கு மழை உங்களுக்கு எலை, ரெண்டு பேருக்கும் பறங்கி. ஆனா வாசல்ல முகம் செதுக்கி வைக்கிறதுக்குன்னு விக்கிற பெரிய ஹாலோவீன் பூசணிய வாங்கிறாதீங்க, அது செதுக்கறதுக்குன்னே வளத்தது, தண்ணியும் நாருமா இருக்கும், இனிப்பு கெடயாது. பட்டர்நட் ஸ்குவாஷ்தான் நம்ம பறங்கிக்கா புளிக்கறிக்குச் சரி, தொலி சீவி பெரிய துண்டாப் போடுங்க, சீக்கிரம் வெந்துரும். கபோச்சான்னு பச்சைத் தொலில ஒண்ணு வரும், அது தொலியோடயே சாப்பிடலாம், மாவா இனிப்பா இருக்கும், அதையும் விடாதீங்க. அது இயற்கையாவே இனிக்கிறதால வெல்லத்த பாதியாக் கொறைச்சுட்டு, காரத்த ஒரு படி ஏத்துங்க. கத்திரிக்கா அங்க பெருசா வரும், கோசமல்லிக்கு அது நல்லாவே மசியும். பச்சப் பீன்ஸ துவட்டலாப் பண்ணி தேங்காப்பூ தூவிருங்க.

அந்த ஊர்க்காரங்களுக்குன்னு காரத்தக் கொறைச்சு எல்லாத்தையும் சப்புன்னு ஆக்காதீங்க, அவங்க உங்க வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான வர்றாங்க. தயிர் நெறைய வைங்க, பருப்பு நெய் சோறு ஒண்ணு இருக்கட்டும், ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே கேட்டுக்கங்க: யாருக்காவது கடலை, முந்திரி, எள்ளு ஒத்துக்காதான்னு. நல்லெண்ணெய் எள்ளுதான்ங்கறது நமக்கு ஞாபகமே இருக்காது, அங்க அது ஆஸ்பத்திரி வரைக்கும் போற விஷயம்.

கவுனி அரிசி எத்தன பேருக்கு எவ்வளவு? வேகவே மாட்டேங்குது.
*வாசகர், திருமயம்*

கடைசில ஒரு கரண்டி இனிப்பாத்தான வைக்கப் போறீங்க, பத்து பேருக்கு கால் கிலோ போதும். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது யாவாரத்துக்குப் போனவங்க கொண்டுவந்து நம்ம வீடுகள்ல தங்கிப்போன கருப்பரிசி அது, சாதா அரிசி மாதிரி கழுவி ஒடனே அடுப்புல ஏத்துனா அசையாது. முந்தின நாள் ராத்திரியே ஊறப்போடணும். கழுவிட்டு ஊறப்போடுங்க, ஊறுன தண்ணியக் கொட்டிறாதீங்க, கலரெல்லாம் அதுலதான் எறங்கியிருக்கும், அதோடயே குக்கர்ல ஏத்தி அரிசிக்கு மூணு பங்கு தண்ணி இருக்கறாப்ல பாத்து விசில் வந்ததும் தீயக் கொறைச்சு அரை மணி நேரம் விடுங்க. நசுக்குனா மசியணும், அப்பத்தான் சக்கரை. வேகறதுக்கு முன்னாடி சக்கரை போட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் வேகாது, உங்களுக்கு நடந்தது அதுவாத்தான் இருக்கும். சக்கரை அரிசிக்குச் சமமா, ஒரு மூடித் தேங்காப்பூ, நெய், ஏலக்கா.

பாட்டையா கட்டுன வீட்ல சமைக்கிறோம், பங்காளிங்க பன்னெண்டு பேருக்குப் பாத்தியப்பட்டது. என்ன ஜாக்கிரதையா இருக்கணும்?
*வாசகர், ஆத்தங்குடி*

மொதல்ல பன்னெண்டு பேருக்கும் ஒரு மெசேஜ் போட்டுருங்க, விருந்து முடிஞ்சு போட்டோ பாத்து தெரிஞ்சுக்கிட்டா அடுத்த பத்து வருஷத்துக்கு அதுதான் பேச்சு. பின்னாடி இருக்கற ரெண்டாங்கட்டுல சமைங்க, நடு முத்தத்தச் சுத்தி இருக்கற வளவுல கேஸ் அடுப்பக் கொண்டுவந்து வைக்காதீங்க. மழைல வெறகு நமுத்துப் போயிருக்கும், கண்ணக் கரிக்கும், வெறகு அடுப்பு ஆசை இருந்தா ரெண்டு நாள் முன்னாடியே வெறக உள்ள எடுத்துப் போட்டுக் காயவிடுங்க. ஆத்தங்குடித் தரைக்கல்லப் பத்தி உங்க ஊர்க்காரருக்கு நான் என்ன சொல்றது, அது சிமெண்டும் மணலும் கலரும், புளித்தண்ணியோ எலுமிச்சையோ கொட்டி அப்படியே கெடந்தா பளபளப்பத் தின்னுரும், அருவாமணைக்கு அடில சாக்கு விரிச்சுக்கங்க, கொட்டுனா ஒடனே தொடைங்க. வாசல்ல மழத்தண்ணி புடிக்க அண்டா வைப்பீங்கள்ல, மழை தொடங்குன ஒடனே விழறது ஓட்டு மேல இருக்கற தூசியக் கழுவிக்கிட்டு வர்றது, அதப் பாத்திரம் வெளக்க வச்சுக்கங்க.

புரட்டாசி முடிஞ்சும் எங்க கூட்டத்துல பாதி பேரு சஷ்டி விரதம், பாதி பேருக்குக் கறி இல்லாம எறங்காது. ஒரே அடுப்படில எப்படி?
*வாசகி, குன்றக்குடி*

சைவத்த மொத்தமா சமைச்சு எறக்கி மூடி, வேற ரூமுக்குக் கொண்டுபோனதுக்கு அப்புறம் கோழிய அடுப்புல ஏத்துங்க. கரண்டி, சட்டி, கத்திப் பலகை எல்லாம் தனி. பந்தியும் ரெண்டா வேணாம், ஒரே பந்தி, ஒரு ஓரம் அவங்க ஒரு ஓரம் இவங்க. இன்னொரு வழியும் இருக்கு, சஷ்டி ஆறு நாள்தான, ஒரு வாரம் தள்ளி வைங்களேன்.

மிச்சம் ஆனத என்ன பண்றது? மழைல கரண்டும் போயிருது.
*வாசகி, கொத்தமங்கலம்*

சோறு மிச்சமானா ஆறுனதும் தண்ணி ஊத்தி வச்சிருங்க, காலைல மோரும் சின்ன வெங்காயமும் அந்த மண்டியும் போதும். மண்டியும் புளிக்கறியும் சுட வச்சு வச்சா காலை வரைக்கும் தாங்கும். தேங்கா சேத்தது, கோழி, கவுனி மூணும் கரண்ட நம்பி வைக்காதீங்க, அன்னிக்கு ராத்திரியே வந்தவங்க கைல டப்பால போட்டுக் குடுத்துருங்க, டப்பாவ மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கங்க.